போதுமை பிறந்த கதை

சிங்கப்பூரில் நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் வழி கேட்கலாம். எங்கள் அகராதியிடம் மட்டும் கேட்டுவிடக் கூடாது. ஒருமுறை சிராங்கூன் சாலையில், ஊரிலிருந்து சுற்றிப் பார்க்க வந்த ஒரு குடும்பம் அவரை நிறுத்தி, "சார், தேக்கா மார்க்கெட் எந்தப் பக்கம்?" என்று கேட்டது. அகராதி குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். தேக்கா என்பது ஹொக்கியன் சீனச் சொல் என்றார். மூங்கில் புதரின் அடி என்று அதற்கு அர்த்தம் என்றார். மூங்கிலிலிருந்து புல்லாங்குழலுக்குப் போய், குழலிலிருந்து குழாய்க்கு வந்து, குழாய்ப் புட்டைத் தொட்டபோது அந்தக் குடும்பத்தின் கைக்குழந்தை வீறிட்டு அழுதது. அப்போதுதான் நிறுத்தினார். எந்தப் பக்கம் என்று அப்போதும் சொல்லவில்லை. மார்க்கெட் அவர் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது.

அவருக்கு அடையாள அட்டையில் ஒரு பெயர் உண்டு. அதை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சொற்களைச் சேர்ப்பவர் என்பதால் அகராதி என்று பெயர் வந்தது என்பது அவர் கட்சி. "சரியான அகராதி புடிச்ச ஆளு லா" என்று பாஸ் ஒருநாள் கடுப்பில் சொன்னதுதான் மூலம் என்பது எங்கள் கட்சி. இரண்டுமே பொருந்தியதால் வழக்கு தீர்ப்பு இல்லாமலே முடிந்துபோனது.

ஃபேரர் பார்க் ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில், ஒரு பூக்கடைக்கு மேலே எங்கள் மொழிபெயர்ப்பு அலுவலகம். பாஸ், அகராதி, நான், அவ்வளவுதான் கூட்டம். இந்த ஊரில் நான்கு மொழிகளில் ஓர் அறிவிப்பு தொங்கினால், அதில் நாலாவதாகச் சின்ன எழுத்தில் இருப்பது எங்கள் கைங்கரியம். லிஃப்ட் பழுது, கொசு ஒழிப்பு, வெளியே காயப்போட்ட துணியிலிருந்து தண்ணீர் சொட்டக் கூடாது, இவைதாம் எங்கள் இலக்கியம்.

அகராதிக்கு அது போதவில்லை. அவர் சொற்களை உண்டாக்கினார். ஏர் ஃப்ரையருக்குக் 'காற்றுப்பொரியான்'. பஃபே விருந்துக்கு 'எடுத்துண்பு'. வாட்ஸ்அப் குழுவிலிருந்து யாருக்கும் சொல்லாமல் வெளியேறுவதற்கு 'நழுவகல்வு'. எல்லாவற்றையும் ஒரு நீல நோட்டில் எழுதி வைத்திருந்தார். அதில் ஒரு சொல்லைக்கூட எந்த வாடிக்கையாளரும் ஏற்றுக்கொண்டதில்லை. தீபாவளி விருந்து அழைப்பிதழ் ஒன்றில் 'எடுத்துண்பு' அச்சாகும் தறுவாய் வரை போனது. கடைசி நிமிடத்தில் ஒரு மாமி, "எடுத்துக்கிட்டுப் போய் உண்ணணுமா? டப்பா கொண்டு வரணுமா?" என்று போன் பண்ணிக் கேட்டதில் அதுவும் கவிழ்ந்தது.

தினமும் மூன்று மணிக்குக் காப்பிக் கடைக்குப் போவோம். கல்லாவில் ஒரு சீன அங்கிள். அகராதி நிமிர்ந்து நின்று, "ஐயா, பாலும் சர்க்கரையும் அற்ற கடுங்காப்பி ஒன்று" என்பார். அங்கிள் தலையைத் தூக்காமலே, "கோப்பி ஓ கோசோங், ஒன்!" என்று உள்ளே குரல் கொடுப்பார்.

"பாத்தீங்களா மீனா? தமிழ் புரியுது."

"பதினஞ்சு வருஷமா அதையேதான் குடிக்கிறீங்க அண்ணே. நீங்க வாயைத் தொறக்காட்டியும் அதான் வரும்."

அன்று என்னவோ சிரிக்காமல் காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மார்ச்சில் வேலையிலிருந்து ஓய்வு பெறுவதாக முடிவு செய்திருந்தார். "ஒரே ஒரு சொல், மீனா. நான் உண்டாக்கின ஒரு சொல்லை, மூஞ்சி தெரியாத ஒரு ஆளு, நான் சொல்லிக் குடுக்காம, தன் வாயாலே சொல்லணும். அதை நான் என் காதாலே கேக்கணும். நோட்டுலே இருக்கறதெல்லாம் சொல்லு இல்லேம்மா. பேசினாத்தான் சொல்லு" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் புக்கிட் மேராவிலிருந்து போன் வந்தது. எடுத்துப் பேசியவர் பாஸ். குறித்துக்கொண்டு என்னிடம் சொன்னதும் பாஸ்தான். "மீனா, யாரோ ஆன்ட்டி மெட்டீரியலாம். சுடிதார் மெட்டீரியல் விக்கிறாங்க போல. பேனர் வேணுமாம்."

நானும் கடமை உணர்ச்சியோடு, 'ஆன்ட்டியின் புத்தம் புதிய சுடிதார் மெட்டீரியல்கள்! வாரீர், அள்ளிச் செல்வீர்!' என்று எழுதி, கீழே தள்ளுபடிக்கு இடம் விட்டேன். மதியம் மின்னஞ்சல் வந்தது. அது ஆன்ட்டி மெட்டீரியல் இல்லை, ஆன்ட்டி மெட்டீரியலிசம். ஓர் அடுக்குமாடி புளோக்கில் இருக்கிறவர்கள் ஒரு மாதத்துக்குப் புதிதாக எந்தப் பொருளும் வாங்குவதில்லை, இருப்பதை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வது என்று தீர்மானித்திருந்தார்கள். பேனரில் தமிழுக்கு இருந்த இடம் குறைவு. அதனால் பொருளாசையை எதிர்க்கும் அந்தக் கொள்கைக்குத் தமிழில் ஒரே ஒரு சொல் வேண்டும். அள்ளிச் செல்வீரைச் சத்தமில்லாமல் அழித்தேன்.

முதலில் நான் 'பொருள்முதல்வாத எதிர்ப்பு' என்று எழுதினேன். அகராதி கண்ணாடியைக் கழற்றினார்.

"மீனா, இது தத்துவம். ஒலகத்துக்கு மூலம் ஜடமா, மனசான்னு காலங்காலமா சண்டை நடந்துக்கிட்டு இருக்கு. புக்கிட் மேரா ஆன்ட்டிங்க எதுக்கு அந்தச் சண்டையிலே போய் விழணும்?"

பாஸ் கம்ப்யூட்டரிடம் கேட்டார். கம்ப்யூட்டர் ஒரு நொடியில் பதில் சொன்னது: 'பொருளற்ற வாழ்க்கை வாழ்வோம்!'

"நல்லாத்தானே இருக்கு? பொருள் இல்லாம வாழறது. கரெக்ட் லா."

"பாஸ், 'அர்த்தமே இல்லாம வாழ்வோம் வாங்க'ன்னு பேனர் கட்டப் போறோமா?"

"நெறைய பேர் அப்படித்தானே வாழறாங்க" என்றார் பாஸ்.

அதற்குப் பிறகு அரை மணி நேரம் நாங்கள் வேலை செய்யவில்லை. அகராதி பேசினார். "சொல்லுக்குள்ளே இருக்கறதும் பொருள். ஸ்டோர் ரூம்லே அடைஞ்சு கெடக்கறதும் பொருள். ரெண்டுக்கும் நம்ம ஆளுங்க ஒரே பேரை வெச்சுட்டாங்க. ஒண்ணை வேணாம்னு சொன்னா இன்னொண்ணும் சேந்து போயிடுது. அதனாலே பொருள்ங்கற சொல்லைத் தொடாமலே இதைச் சொல்லணும்." சொல்லிவிட்டு, மூன்று நாள் அவகாசம் கேட்டார். ஒரு சொல்லுக்கு மூன்று நாளா என்று பாஸ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

இந்தச் சொல்லைத் தேட அகராதியைவிடத் தகுதியானவர் யாரும் கிடையாது. அவரிடம் ஒரே நிறத்தில் மூன்று சட்டைகள் இருந்தன. ஒரே சட்டைதான் என்று பலர் நம்பினார்கள். பிறந்த நாளுக்கு நாங்கள் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரத்தை, "மணிதான் எல்லா எடத்துலயும் தொங்குதே" என்று கடைக்கே திருப்பி அனுப்பினார். ஆனால் கடவுள் கணக்குப் போட்டு அவருக்கு வசந்தி அக்காவைக் கட்டி வைத்திருந்தார். தள்ளுபடி என்று எங்கே எழுதியிருந்தாலும் வசந்தி அக்காவின் கால் தானாக அங்கே திரும்பும். மார்சிலிங்கில் இருந்த அவர்கள் வீட்டுக்கு ஒருமுறை போயிருக்கிறேன். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் மூன்று ரைஸ் குக்கர். "ஒண்ணு ஒடஞ்சா?" என்றார் அக்கா. "ரெண்டாவதும் ஒடஞ்சா?" என்று அவரே அடுத்ததையும் கேட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை அகராதி மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி வந்தார். கையில் கீழ்ப் பூக்கடையிலிருந்து எடுத்த ஒரு மல்லிகை மொட்டு.

"போதுமை" என்றார்.

நானும் பாஸும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"போதும்னு சொல்றோம்லே, அதைக் குணமா மாத்தினா போதுமை. பொறுக்கறது பொறுமை, பெரிசா இருக்கறது பெருமை, போதும்னு இருக்கறது போதுமை. இன்னும் இருக்கு, கேளுங்க. போதுன்னா பழந்தமிழ்லே மலரப்போற மொட்டு. மொட்டு எந்த அளவுக்கு விரியணுமோ அந்த அளவோட நிறுத்திக்குது. அதுதான் போதும். அதுதான் போதுமை."

மொட்டுக்கும் போதுமென்பதற்கும் உண்மையிலேயே உறவு உண்டா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். அகராதியின் சொல்லாராய்ச்சியில் பாதி ஆராய்ச்சி, மீதி ஆசை. ஆனால் சொல்லை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். உறுத்தவில்லை. இத்தனை காலமும் எங்கேயோ இருந்துவிட்டு இப்போது வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அதை அவரிடம் சொன்னபோது அவருக்கு முகமெல்லாம் பல்.

புக்கிட் மேரா குழுவில் இந்த வேலையைப் பார்த்துக்கொண்டவர் மிஸ் லிம் என்ற இளம்பெண். பாஸ் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"போ... து... மை. வாட் மீனிங், அங்கிள்?"

"இனஃப்னஸ், மிஸ் லிம்."

"ஓ, நைஸ்! ஷார்ட் சம் மோர். கேன்!"

அகராதியின் பதினைந்து வருடத் தவத்துக்கு வரம், சரி என்பதற்கு இந்த ஊரில் சொல்லும் அந்த 'கேன்' என்ற ஒரு சொல்லாக வந்தது. அன்று காப்பிக் கடையில் எல்லோருக்கும் அவர்தான் காப்பி வாங்கிக் கொடுத்தார்.

இனி என் பாவத்துக்கு வருகிறேன். தான் எழுதியதைத் தானே சரிபார்க்கக் கூடாது என்பது எங்கள் அலுவலகச் சட்டம். சட்டத்தைக் கொண்டுவந்ததே அகராதிதான். அதனால் 'போதுமையோடு வாழ்வோம்!' என்ற வாசகத்தைச் சரிபார்த்து அனுப்பும் பொறுப்பு என்னுடையது. பேனரை வடிவமைத்தவர் தமிழில் ஓர் எழுத்தும் அறியாத நல்ல மனிதர். நாங்கள் அனுப்பிய கோப்பு அவர் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக உடைந்து தெரிய, வாசகத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார். நான் ரயிலில் நின்றுகொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, மறு கையால் தட்டி அனுப்பினேன். அவர் போட்ட பேனரின் படம் வந்தது. தேதி சரி, இடம் சரி, புளோக் எண் சரி. சொல்லைப் பார்த்தேன். சில நாளாக அதையே கேட்டுக்கொண்டிருந்த மூளை, அங்கே என்ன இருந்ததோ அதைப் படிக்காமல், என்ன இருக்க வேண்டுமோ அதைப் படித்துவிட்டது. 'ஓகே' என்று அனுப்பினேன்.

சனிக்கிழமை காலை பாஸ் போன் பண்ணினார். "மீனா, பேனரைப் பாத்தீங்களா?" குரலில் உயிரே இல்லை. பின்னாலேயே படமும் வந்தது.

'போதையோடு வாழ்வோம்!'

என் போனுக்குப் போதுமை என்ற சொல் தெரியாது. தெரிந்ததைப் போட்டுத் திருத்திவிட்டது. அதுவும் எந்த ஊரில்? விமானம் தரையிறங்குவதற்கு முன்பே போதைப்பொருளைப் பற்றி எச்சரிக்கிற ஊரில். மற்ற மூன்று மொழிக்காரர்களும் ஆசையைக் குறைக்கச் சொல்லி அழைக்கப்பட்டிருந்தார்கள். தமிழர்களை மட்டும் கிறங்கிப்போய் வாழ அழைத்திருந்தோம், அதுவும் ஆச்சரியக்குறி போட்டு.

எனக்கு வேலையைப் பற்றிய பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் நினைவுக்கு வந்தது வேறொன்று. அகராதி அன்று காலை தன் சொல் தொங்குவதைப் பார்க்க, வசந்தி அக்காவைக் கூட்டிக்கொண்டு மார்சிலிங்கிலிருந்து கிளம்புவதாகச் சொல்லியிருந்தார். டாக்சி பிடித்து ஓடினேன். போனை எடுக்க மாட்டாரா என்று வழியெல்லாம் அடித்துக்கொண்டே போனேன். அவர் எடுக்கவில்லை.

போய்ச் சேர்ந்தபோது புளோக்கின் கீழ்த்தளத்துக்கு முன்னால், பேனருக்கு நேர் கீழே நின்றுகொண்டிருந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். அவர் வாங்கியிருக்க மாட்டார், அக்கா வாங்கிக் கொடுத்திருப்பார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அண்ணே... என் தப்பு."

கையைத் தூக்கிப் பேனரில் அந்தச் சொல்லைச் சுட்டினார். "நடுவுலே ஒரு எழுத்து எங்கம்மா போச்சு?" என்றார் மெதுவாக.

"போன் தின்னுடுச்சு அண்ணே."

"அதுக்கு எப்படித் தெரியும்? இப்பத்தானே பொறந்துச்சு" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தச் சின்னக் குரலைத் தாங்க முடியவில்லை. மிஸ் லிம் ஓடி வந்து விஷயத்தைக் கேட்டு வெலவெலத்துப் போனார். உடனே இறக்கிவிடலாம் என்றால் ஏணி இல்லை. பேனர் கட்டியவர்கள் ஏணியோடு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு மேல்தான் வருவார்களாம்.

அப்போது காய்கறி தள்ளுவண்டியோடு வந்த ஒரு தமிழ்ப் பெரியவர், பேனரைப் பார்த்து அப்படியே நின்றார். "என்னாங்க இது அக்கிரமம்? பிள்ளைங்க நடமாடற எடத்துலே!"

அகராதி திரும்பினார். "அது போதை இல்லீங்க. போதுமை."

"அப்படின்னா?"

பதினைந்து வருடமாக அவரை அறிவேன். யாராவது அவரிடம் தானாக வந்து ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டதை அன்றுதான் பார்த்தேன். அகராதி புதுச் சட்டையின் கையை மடித்துக்கொண்டார். பெரியவருக்குச் சொல்லி முடிப்பதற்குள், விடுமுறைக்கு அங்கே யாரையோ பார்க்க வந்திருந்த இரண்டு கப்பல்பட்டறைத் தம்பிகள், "என்னண்ணே, இங்க சரக்கு எதுவும் ஊத்துறாங்களா?" என்று வந்தார்கள். அவர்களுக்கும் சொன்னார். அவர்கள் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்ப, நண்பர்கள் நேரில் வந்தார்கள். மேல்மாடியிலிருந்து பெண்கள் இறங்கி வந்தார்கள். தமிழ் அறிவிப்பைச் சிங்கப்பூரில் இத்தனை பேர் நின்று படித்து நான் பார்த்ததில்லை. சரியாக அச்சாகியிருந்தால் ஒரு காக்கைகூட நிமிர்ந்து பார்த்திருக்காது.

நாலைந்து முறை மொட்டுக் கதை ஓடியது. அதற்குமேல் வசந்தி அக்காவால் பொறுக்க முடியவில்லை.

"பூவுமில்லே, மொட்டுமில்லே. கேளுங்க. இவருக்கு நான் சோறு போடறப்போ போதும் போதும்பாரு. நான் போட்டுக்கிட்டே இருப்பேன். நாமளா நிறுத்துவோம்? போன வாரம் ஒரு நாள் தட்டை மூடிக்கிட்டு, 'வசந்தி, எனக்குப் போதுமை வந்துடுச்சு'ன்னாரு. என்னமோ வியாதின்னு பயந்துபோய்க் கரண்டியைக் கீழே வெச்சுட்டேன். அங்கதான் பொறந்துச்சு இந்தச் சொல்லு."

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. அகராதியின் முகம் சிவந்தது. "ஆய்வு முடிவை வெளியிலே சொல்லக் கூடாதுன்னு சொன்னேனே" என்று முணுமுணுத்தார். மொட்டுக் கதைக்குத் தலையாட்டியவர்கள், இந்தக் கதையைக் கேட்டுவிட்டு வீட்டிலிருந்தவர்களையும் கூப்பிட்டு வந்தார்கள்.

ஏணி ஒருவழியாக வந்தது. பேனரை இறக்கி, வெள்ளைத் தாள் ஒட்டி, தடித்த பேனாவால் அகராதியே போதுமை என்று எழுதினார். கொஞ்சம் கோணலாக இருந்தது. அதை மறுபடி கட்டிக்கொண்டிருந்தபோது, பின்னால் பொருள் மாற்றிக்கொள்ளும் மேசையில் ஒரு குரல் கேட்டது. ஒரு பெண்மணி கையில் வாணலியை வைத்துக்கொண்டு, இதையும் எடுத்துக்கோ என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் நீட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரையுமே அதற்கு முன் பார்த்ததில்லை.

"ஐயோ, வேணாம் லா அக்கா. எனக்குப் போதுமை வந்துடுச்சு."

அகராதி திரும்பிப் பார்க்கவில்லை. என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மீனா, கேட்டீங்களா?"

"கேட்டேன் அண்ணே."

"நான் அவங்ககிட்ட ஒண்ணுமே பேசலையே?"

"இல்லண்ணே. வசந்தி அக்கா சொன்னதைக் கேட்டிருப்பாங்க."

"அவ சொன்னது நான் சொன்னதாகாது" என்று அவசரமாகச் சொல்லிவிட்டுக் கைக்குட்டையைத் தேடினார். இரண்டு கண்ணையும் துடைத்துக்கொண்டார். எனக்கும் துடைக்க வேண்டியிருந்தது. வசந்தி அக்கா அந்த நேரம் பார்த்து, அந்த மேசையிலிருந்து இலவசமாகக் கிடைத்த நாலாவது ரைஸ் குக்கரை அணைத்துக்கொண்டு வந்தார்.

மிஸ் லிம்மின் குழுவுக்குக் கோபம் நீடிக்கவில்லை. கூட்டம் வந்ததே, அதுதானே வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். பாஸ் மட்டும் ஒரு மாதம் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "போதை தெளிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். சொல் புக்கிட் மேராவைத் தாண்டி வெளியேயும் கொஞ்சம் நடந்தது. ஒரு கல்யாண வீட்டில், வயிறு நிறைந்துவிட்டது என்ற அர்த்தத்தில் அதை ஒருவர் சொல்லக் கேட்டேன். அர்த்தம் மாறுகிறதே என்று அகராதியிடம் கவலைப்பட்டபோது, "சோத்துலேருந்து வந்துச்சு, சோத்துக்கே போகுது. விடும்மா" என்றார். முதல்முறையாக மொட்டை அவர் விட்டுக்கொடுத்தார்.

சொன்னபடி மார்ச்சில் ஓய்வு பெற்றார். பிரிவு விழாவில் எதுவும் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று அடம் பிடித்து, வெறுங்கையோடு படியிறங்கிப் போனார். அவருடைய நாற்காலியில் இப்போது கெட்டிக்காரப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். ஒரு சொல்லுக்கு மூன்று நாள் கேட்பதில்லை. பாஸுக்குத் தலைவலி இல்லை, வேலை நேரத்துக்கு முடிகிறது, எனக்கும் ஒரு குறையும் இல்லை. பதினைந்து வருடம் அகராதியின் பேச்சைக் கேட்டிருக்கிறேன். அதில் மட்டும் எனக்கு இன்னும் போதுமை வரவில்லை.